பல் மீண்டும் முளைக்குமா? சீன மூலிகை நூல்களில் டான்டிலயன்

கசப்பும் இனிப்பும் கலந்த சுவை, குளிர்ந்த தன்மை. கல்லீரல், இரைப்பை ஆகியவற்றுக்குரிய நாடி வழிகளில் செல்லும். வெப்பத்தைத் தணித்து நஞ்சை முறிக்கும். வீக்கத்தை வற்றச் செய்யும்; கட்டிகளைக் கரைக்கும்; சிறுநீரைப் பெருக்கும். கொப்புளம், மார்பகக் கட்டி, கண்டமாலை, கண் சிவப்பு, தொண்டை வலி, நுரையீரலிலும் குடலிலும் உண்டாகும் சீழ்க்கட்டி, மஞ்சட்காமாலை, நீர்க்கடுப்பு ஆகியவற்றுக்குத் தரலாம். அளவு, உலர்ந்த செடி 10 முதல் 15 கிராம் வரை.

சீன அரசின் மருந்து நூலில் 'பூகோங்யிங்' என்ற மூலிகைக்குக் கொடுத்திருக்கும் விவரத்தின் சாரம் இது. ஆங்கிலத்தில் டான்டிலயன் என்று வழங்கும் செடிதான் பூகோங்யிங். உடல்நலம் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் இந்தப் பட்டியல் அப்படியே எடுத்தாளப்படுகிறது. அதன் மேல் இரண்டு முத்திரைகளும் குத்தப்படுகின்றன. ஒன்று, 'ஆயிரத்து முந்நூறு ஆண்டு அனுபவம்'; மற்றொன்று, 'விஞ்ஞானமும் மெய்ப்பித்துவிட்டது'. இந்த இரு முத்திரைகளும் எவ்வளவு செல்லும் என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம். டான்டிலயன் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாகப் பரந்திருக்கும். விளிம்பு ரம்பப் பற்களைப் போல வெட்டுப்பட்டிருக்கும். உள்ளே குழலாக இருக்கும் காம்பின் நுனியில் ஒரே ஒரு மஞ்சள் பூ. எங்கே கிள்ளினாலும் வெண்மையான பால் கசியும். பூ முதிர்ந்தபின் பஞ்சுப் பந்தாக மாறிவிடும். நம் சிறுவர்கள் 'தாத்தாப் பூச்சி' என்று பிடித்து ஊதிவிடும் எருக்கு விதையைப் போலவே இதன் விதையும் காற்றில் மிதந்து செல்லும். அது மிதக்கும் விதமே ஓர் அழகான இயற்பியல் பாடம். விதையின் தலையில் சுமார் 100 மெல்லிய இழைகள் உள்ளன. அவற்றுக்குச் சற்று மேலே, அவற்றைத் தொடாமலே, காற்று ஒரு சுழல் வளையமாக நிலைத்து நிற்கிறது என்பதை எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 2018இல் படமெடுத்துக் காட்டினர். ஆனால் இன்று நமக்கு வேண்டியது விதையன்று, மருந்து.

டான்டிலயனைப் பற்றிய பழைய குறிப்பு தாங் மரபினர் ஆட்சியில், கி.பி. 659இல் அரசாணைப்படி தொகுக்கப்பட்ட 'சின்சியூ பென்சாவ்' என்னும் மருந்து நூலில் இருக்கிறது. பெண்களின் மார்பகக் கட்டிக்கு இதை நீரில் காய்ச்சிக் குடிக்கவும் மேலே வைத்துக் கட்டவும் வேண்டும் என்பது அதன் சாரம். கவனியுங்கள்: ஒரே ஒரு நோய், இரண்டு வகைப் பயன்பாடு. பட்டியல் அவ்வளவு சிறியதாகத்தான் தொடங்கியது.

அதே காலத்து மருத்துவரான சுன் சிமியாவ் தம் சொந்த அனுபவம் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 631ஆம் ஆண்டு, ஏழாம் மாதம், பதினைந்தாம் நாள் இரவு. அவருடைய இடக்கை நடுவிரலின் புறப்பக்கம் முற்றத்து மரத்தில் பட்டுவிட்டது. (சந்திர மாதத்தின் பதினைந்தாம் நாள் என்றால் ஏறக்குறைய முழுநிலவு. அந்த வெளிச்சத்திலும் மரத்தில் கை பட்டிருக்கிறது!) விடிவதற்குள் தாங்க முடியாத வலி. பத்து நாட்களில் வலி ஆழமாகிப் புண்ணும் பெரிதாயிற்று; வெந்த பயற்றின் சிவப்பு நிறம் வந்தது. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்த முறைப்படி டான்டிலயனின் வெள்ளைப் பாலைப் பூசினார். வலி நீங்கியது, பத்து நாட்களுக்குள் விரல் பழையபடி ஆகிவிட்டது.

இந்தக் குறிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நாள், விரல், நிறம், எத்தனை நாளில் என்ன மாற்றம் என்று அத்தனையும் இருக்கிறது. இன்றைய விளம்பரங்கள் எதிலும் இந்த நேர்மையைக் காண முடியாது. ஆயினும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. விரலில் ஏற்படும் இத்தகைய சீழ்ப்புண் பத்து நாள் பெரிதாகிப் பழுத்து, உடைந்து, அடுத்த பத்து நாளில் தானாகவே ஆறிவிடுவதும் உண்டே? உச்சத்தை அடைந்த எதுவும் அடுத்து இறங்கத்தான் வேண்டும். மனிதர் மருந்தைத் தேடுவதும் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். எனவே அந்த நேரத்தில் எதைப் பூசினாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடும். சுன் சிமியாவின் வலக்கை விரலிலும் அதே நாளில் அதே அளவு புண் ஏற்பட்டு, அதை மருந்திடாமல் விட்டிருந்தால் நமக்கு விடை கிடைத்திருக்கும். அப்படி நேராதது அவருடைய குற்றமன்று. ஒப்பிட வேறொன்று இல்லாதபோது, எவ்வளவு கவனமான குறிப்பும் பாதிச் செய்தியாகவே நின்றுவிடுகிறது.

இந்தப் பாலில் ரப்பர் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். கசாக்கிய மலைப்பகுதியில் வளரும் இதன் உறவினச் செடி ஒன்றின் வேரிலிருந்து சோவியத் நாட்டினர் ரப்பரே எடுத்தனர். புண்ணின் மேல் உறையும் பால் ஒரு மெல்லிய கட்டுப் போல மூடி உதவியிருக்கவும் கூடும். அப்படியானால் வேலை செய்தது மருந்தா, மூடியா? இதுவும் சோதித்தால்தான் தெரியும்.

இனி லி ஷிசெனுக்கு வருவோம். சீன மூலிகை நூல்களில் தலைசிறந்ததாகக் கருதப்படும் 'பென்சாவ் காங்மு'வை இவர் 1578இல் எழுதி முடித்தார். 1596இல் அது அச்சாயிற்று. அதில் 1,892 மருந்துப் பொருள்கள் உள்ளன. முன்னையோர் மூலிகைகளின் வரிசையில் வைத்திருந்த டான்டிலயனை லி ஷிசென் காய்கறிகளின் வரிசைக்கு மாற்றினார். என் கருத்தில், இச்செடியைப் பற்றி அந்த நூல் செய்த மிகச் சரியான காரியம் இதுதான். கீரை என்ற முறையில் டான்டிலயனுக்கு எந்தச் சிபாரிசும் தேவையில்லை. 100 கிராம் பச்சை இலையில் ஏறக்குறைய 400 மி.கி. பொட்டாசியமும் 780 மைக்ரோகிராம் வைட்டமின் கே-யும் உள்ளன.

ஆனால் அதே பகுதியில், பல் தேய்க்கும் மருந்து ஒன்றும் இருக்கிறது. இளமையைத் திருப்பித் தரும் மருந்து என்பது அதன் பெயர். டான்டிலயனை வேரும் இலையுமாகச் சேகரித்து, உப்பும் வேறு பொருளும் கூட்டிச் சுட்டுப் பொடியாக்கிச் செய்வது. பழங்கால அரசர் ஒருவர் அபூர்வ மனிதர் ஒருவரிடமிருந்து பெற்றது என்ற வரலாறும் உண்டு. எண்பது வயதுக்குட்பட்டோர் இதைப் பயன்படுத்தினால் நரைத்த முடி கறுக்கும்; விழுந்த பல் மீண்டும் முளைக்கும் என்கிறது குறிப்பு.

வாசகர்களே, இங்கேதான் நாம் நிற்க வேண்டும். மார்பகக் கட்டி குணமாகும் என்று சொல்லும் அதே பகுதி பல் முளைக்கும் என்றும் சொல்கிறது. இன்றைய கட்டுரையாளர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டு, 'முன்னோரின் அனுபவம்' என்று முத்திரை குத்துகிறார்கள். இரண்டாவதைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். எந்த அளவுகோலைக் கொண்டு பிரித்தார்கள்? நூலின் பழமை அளவுகோலாக இருக்க முடியாது. இரண்டுக்கும் அது பொது. பெரியோர் சொன்னது என்பதும் இரண்டுக்கும் பொது. ஆக, அவர்கள் இன்றைய அறிவுக்கு ஒத்து வருவதை மட்டும் பொறுக்கியிருக்கிறார்கள். அது நியாயமே. ஆனால், அப்படிச் செய்த பிறகு பழமையைச் சாட்சியாக அழைக்கும் உரிமை போய்விடுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு என்பது சோதிக்கத் தகுந்த ஒரு யோசனை இருக்கிறது என்பதற்கு மட்டுமே அறிகுறி.

'குளிர்ந்த தன்மை' என்ற சொல்லையும் பாருங்கள். நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே இதைக் கேட்டவுடன் வெப்பமானியைத் தேடுவேன் என்று நினைக்காதீர்கள். பப்பாளி சூடு, வெள்ளரி குளிர்ச்சி என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம். அது வெப்பநிலையைக் குறிப்பதன்று. சீன முறையில் பொருள்களைச் சூடு, வெதுவெதுப்பு, தண்மை, குளிர் என நால்வகையாகப் பிரிப்பார்கள். சிவப்பும் வீக்கமும் காய்ச்சலும் உள்ள நோய்களை 'வெப்ப' நோய் என ஒரு பெட்டியில் போட்டு, அவற்றுக்கு எதிரான மருந்துகளைக் 'குளிர்' என்ற பெட்டியில் போடுவார்கள். ஒரு மருத்துவர் நூற்றுக்கணக்கான மூலிகைகளை நினைவில் வைத்துக்கொள்ள இது நல்ல ஏற்பாடு. ஆனால் மார்பகக் கட்டியில் தொடங்கிய பட்டியல் கண்ணுக்கும் தொண்டைக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் பரவியதில் இந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும். ஒரு வெப்ப நோய்க்கு ஆகும் என்றால் மற்ற வெப்ப நோய்களுக்கும் ஆகும் என்ற தர்க்கம் அதில் இயல்பாகவே பிறக்கிறது. அப்படிப் பார்த்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு நோயும் தனித்தனி அனுபவம் என்று எண்ணிக் கூட்டிவிட முடியாது.

இன்னொரு சிக்கல். சீன மருத்துவர் டான்டிலயனைத் தனியாகக் கொடுப்பது குறைவு. 1742இல் அரசவை தொகுத்த நூலில் உள்ள புகழ்பெற்ற கொப்புள மருந்தில் ஐந்து மூலிகைகள். டான்டிலயன் அவற்றுள் ஒன்று. ஒரே ஸ்விட்சில் ஐந்து விளக்குகளை இணைத்துவிட்டு, அறையில் வெளிச்சம் வந்ததும் மூன்றாவது விளக்கைப் பாராட்டுவது போன்றது, அந்த அனுபவத்திலிருந்து டான்டிலயனுக்குப் பங்கு பிரிப்பது.

அடுத்து 'விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது' என்பது. கனடாவில் வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் வேரின் சாறு புற்றுநோய் உயிரணுக்களைக் கொன்றது என்பார்கள். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 2021இல் இலையின் சாறு, கொரோனா வைரசின் முள் புரதம் நம் உயிரணுவில் ஒட்டுவதைத் தடுத்தது என்பார்கள். இரண்டும் உண்மையாகச் செய்யப்பட்ட ஆய்வுகளே. ஆனால் அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியுள்ள பொது டான்டிலயன். சீன மருந்து நூல் முதலில் குறிப்பிடுவது மங்கோலிய டான்டிலயன் என்னும் வேறோர் இனம். ஒன்று வேர், ஒன்று இலை. சீனர் பயன்படுத்துவது முழுச் செடி. மூன்றையும் ஒரே பத்தியில் எழுதி, ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்துவது முறையாகாது.

இவற்றைவிடப் பெரிய கேள்வி அளவைப் பற்றியது. நீங்களே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்து நூல் சொல்லும் உச்ச அளவு 15 கிராம். காய்ச்சும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 கிராம், நீரில் கரைகிறது எனத் தாராளமாக வைத்துக்கொள்வோம். அந்த 5 கிராமும் ஒரு துளி வீணாகாமல் குடலால் உறிஞ்சப்படுகிறது என்றும், கல்லீரல் அதைச் சிதைக்காமல் விட்டுவிடுகிறது என்றும் இன்னும் தாராளமாக வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 36 லிட்டர் நீர் உண்டு. 5,000 மி.கி.யை 36,000 மில்லிலிட்டரால் வகுத்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 0.14 மி.கி. வருகிறது. உண்மை அளவு இதில் மிகச் சிறிய பங்காகத்தான் இருக்கும். ஆகவே, சோதனைக்குழாயில் ஒரு மில்லிலிட்டருக்குப் பல மில்லிகிராம் சாற்றைக் கலந்து கிடைத்த முடிவை யாராவது காட்டினால், அந்த நிலை குடிப்பவரின் இரத்தத்தில் ஏற்படவே போவதில்லை என்று நீங்கள் சொல்லிவிடலாம். உயிரணுக்களைக் கொல்வது அப்படியொன்றும் அரிய செயலன்று. போதிய அளவு ஊற்றினால் சாதாரண உப்பு நீரும் கொல்லும். வாய், குடல், தோல் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மருந்து நேராகவே படுகிறது. சுன் சிமியாவின் விரலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மனிதரிடம் சோதித்ததே இல்லையா? சிறுநீர் பெருகும் என்பதைச் சோதித்திருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வில் 17 பெண்கள் இலையின் ஆல்கஹால் சாற்றை ஒரே நாளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 8 மில்லிலிட்டர் அருந்தினர். முதல் முறைக்குப் பின் ஐந்து மணி நேரத்தில் சிறுநீர் கழிக்கும் எண்ணிக்கை கூடியது. இரண்டாம் முறைக்குப் பின், பருகிய நீருக்கும் வெளியேறிய நீருக்கும் உள்ள விகிதம் கூடியது. மூன்றாம் முறைக்குப் பின் மாற்றமில்லை. வெற்று மருந்து கொடுத்து ஒப்பிட ஒரு குழு இல்லை. ஆய்வாளர்கள் இதைத் தொடக்க ஆய்வு என்றே அழைத்தனர். பிரெஞ்சு மொழியில் இச்செடிக்குப் 'படுக்கையை நனைப்பது' என்ற பொருளில் பெயர் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், பட்டியலிலேயே ஓரளவு நம்பிக்கை தரும் கூற்று இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சிறுநீர் கூடுவது வேறு, நீர்க்கடுப்பு குணமாவது வேறு.

இந்த இடத்தில் சிலர் ஆர்ட்டிமிசினினை நினைவூட்டுவார்கள். கெ ஹோங் என்பவர் நான்காம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பைப் படித்துத்தானே டூ யூயூ மலேரியா மருந்தைக் கண்டார், 2015இல் நோபல் பரிசும் பெற்றார் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். டூ யூயூவின் குழு 2,000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைப் பார்த்தது. சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து மலேரியா பீடித்த எலிகளுக்குக் கொடுத்தது. வென்ற மூலிகைச் சாறும் முதலில் சரிவர வேலை செய்யவில்லை. கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் பழைய குறிப்பைக் கண்டபின், குறைந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு பிரித்தபோதுதான், 1971இல் வெற்றி கிட்டியது. மற்ற மூலிகைகளின் பின்னாலும் பழைய நூல்களும் நீண்ட அனுபவமும் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. டூ யூயூ பழைய நூலை மதித்தார். அதனால்தான் அதைச் சோதித்தார்.

சீன அரசின் மருந்து நூலும் சோதனைகள் வைத்திருக்கிறது. அவை எதைச் சோதிக்கின்றன? 2015ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, விற்கப்படும் டான்டிலயனில் காஃபியிக் அமிலம் 0.020 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை விட்டுவிட்டுச் சிக்கோரிக் அமிலம் 0.45 சதவிகிதம் இருக்க வேண்டும் என்றார்கள். காஃபியிக் அமிலம் எத்தனையோ செடிகளில் இருப்பது. எனவே இந்த மாற்றம் நல்ல மாற்றமே. ஆனால் இது பொட்டலத்தில் இருப்பது டான்டிலயன்தானா, நல்ல சரக்குத்தானா என்பதற்கான சோதனை. கட்டி கரையுமா என்பதற்கு அது விடை தராது. 'தரச்சான்று பெற்றது' என்ற சொல்லைப் படிக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் பட வேண்டும்.

நோயாளிகளைக் கொண்டு சீனாவில் வெளியாகும் அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'மொத்தப் பலன் விகிதம்' என்றொரு எண் அவற்றில் அடிக்கடி வரும். முழுக் குணம், நல்ல பலன், ஓரளவு பலன், பலனில்லை என்று நோயாளிகளைப் பிரித்து, முதல் மூன்றையும் கூட்டிக் கிடைப்பது அந்த எண். உதாரணத்துக்கு, 100 பேரில் 30 பேர் குணமாகி, 40 பேருக்கு நல்ல பலனும் 22 பேருக்கு ஓரளவு பலனும் கிடைத்தால், மொத்தப் பலன் 92 சதவிகிதம் ஆகிவிடும்! குணமானவர் 30 பேர்தான் என்பது அந்த எண்ணின் அடியில் ஒளிந்துகொள்கிறது. 'ஓரளவு' என்பதை நிர்ணயித்தவர், யாருக்கு எந்த மருந்து போயிற்று என்பதை அறிந்தவரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கீரையாகச் சாப்பிடுவதில் பெரும்பாலோருக்குத் தீங்கு இல்லை. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர் இவ்வளவு வைட்டமின் கே உள்ள இலையைத் திடீரென்று மிகுதியாக உண்டால் மருந்தின் பலன் குறைந்துவிடும். சூரியகாந்திக் குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்களுக்கும் இது ஆகாது. மஞ்சட்காமாலையோ இவற்றினும் கவலைக்குரியது. சீனப் பட்டியல் அதற்கு டான்டிலயனைப் பரிந்துரைக்கிறது. ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழு, பித்த நாளத்தில் அடைப்பு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது என்றது. கண் மஞ்சளாவதற்குப் பித்தக்கல் அடைப்பு ஒரு முக்கியக் காரணம்; வைரஸ் இன்னொன்று; இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது வேறொன்று. எது என்று கண்ணாடியைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. இரத்தப் பரிசோதனையும் ஒலியலைப் படமும் வேண்டும். அதற்கு முன் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு பத்து நாள் காத்திருப்பது ஆபத்து.

மார்பகக் கட்டிக்கு வருவோம். 659ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்ட கூற்று அல்லவா அது? பாலூட்டும் தாய்க்கு மார்பில் வீக்கமும் சிவப்பும் காய்ச்சலும் வருவது சாதாரணம். பால் தேங்காமல் வெளியேறினால் பலருக்கு ஓரிரு நாளில் தணிந்துவிடும். தணியாமல் சீழ் கட்டிவிட்டால் அதை ஊசியாலோ கீறியோ வெளியேற்றத்தான் வேண்டும்; எந்தக் கஷாயமும் கட்டிய சீழை வெளியேற்றாது. எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: வீக்கம் தொடங்கிய தாய்மார்களுக்கு டான்டிலயன் கொடுத்தால், சீழ் கட்டும் நிலைக்குப் போவோர் எண்ணிக்கை குறைகிறதா? இதைச் சோதிப்பது கடினமன்று. இருநூறு தாய்மார்களைச் சீட்டுக் குலுக்கி இரு பகுதியாகப் பிரிக்க வேண்டும். வழக்கமான சிகிச்சையும் கண்காணிப்பும் இரு பகுதியினருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பகுதிக்கு டான்டிலயன் கஷாயம். மற்றதற்கு அதே நிறமும் அதே கசப்பும் உள்ள வேறொரு நீர். யாருக்கு எது என்பது தாய்க்கும் தெரியக் கூடாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. முடிவில் எண்ண வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பகுதியில் எத்தனை பேருக்குச் சீழ் எடுக்க நேர்ந்தது? டான்டிலயன் பற்றிய அடுத்த கட்டுரை உங்கள் கையில் கிடைக்கும்போது, இந்த இரண்டு எண்களும் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.